வாய் திறக்காத ஸ்பானிஷ் வகுப்பு

அமெரிக்கப் பள்ளிகளில் மிக அதிகம் பேர் படிக்கும் அயல்மொழி ஸ்பானிஷ். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலரும் நடுநிலைப் பள்ளியிலேயே அதை எடுத்துவிடுகிறார்கள். மூன்று வருடம் படித்த பிள்ளையிடம் வினைச்சொல் அட்டவணையைக் கொடுங்கள்; தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மளமளவென்று நிரப்பிவிடும். நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்று ஸ்பானிஷில் கேளுங்கள், தலை குனிந்துகொள்ளும். கூச்ச சுபாவம் என்று பெற்றோர் சொல்வார்கள். ஆர்வம் போதவில்லை என்று ஆசிரியர் சொல்வார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பேச்சே வராத வகுப்புகளில் பெரும்பாலும் பேசுவதற்கு இடமே விடப்பட்டிருக்காது. கெஞ்சியும் மிரட்டியும் அதைச் சரிசெய்ய முடியாது. பேசினால்தான் முடியும் என்கிற ஒரு வேலை, யோசிக்க நேரம், கைக்கெட்டும் தூரத்தில் சில சொற்றொடர்கள், இவற்றைக் கொடுத்தால் மிகவும் ஒதுங்கி இருக்கும் பிள்ளையும் பேசத் தொடங்கும்.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 50 நிமிட வகுப்பு, 30 மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் ஆசிரியர் பேசுகிறார். மீதி 25 நிமிடத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனால் தலைக்கு 50 வினாடி கிடைக்கும். வருகைப் பதிவும் வீட்டுப்பாடமும் தின்னும் நேரத்தை இதில் கழிக்கவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆண்டு சுமார் 180 நாள். அப்படியானால் ஓர் ஆண்டு முழுக்க ஒரு பிள்ளை ஸ்பானிஷ் பேசியிருப்பது கூடிப்போனால் இரண்டரை மணி நேரம். அதே வகுப்பில் தினமும் 10 நிமிடம் பிள்ளைகளை இருவர் இருவராகப் பேசவிட்டால் ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும். ஆண்டுக்கு அது 15 மணி நேரம். ஆசிரியர் அவரேதான், புத்தகமும் அதேதான்.

எதிர்பார்ப்புக்கும் ஒரு அளவு வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுத்தர 30 வாரம் வரை, அதாவது 600 மணிக்கு மேற்பட்ட வகுப்பு நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. அவை சிறிய வகுப்புகள். அதில் சேர்ந்தவருக்கு அதுதான் முழுநேர வேலை. பள்ளியில் ஓராண்டுக்குக் கிடைப்பது மொத்தமே 150 மணி. ஆகவே இரண்டு வருடம் படித்த பிள்ளை சரளமாகப் பேசவில்லை என்று யாரும் வருந்த வேண்டாம். தப்பும் தவறுமாகக்கூட அது பேச முயலவில்லை என்றால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இருக்கும் நேரத்தில் என்ன மாதிரிப் பேச்சு நடக்கிறது என்பது அடுத்த விஷயம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சின்க்ளேர், கூல்தார்ட் இருவரும் வகுப்பறை உரையாடல்களை ஆராய்ந்து 1975இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஆசிரியர் கேட்பார், மாணவர் பதில் சொல்வார், ஆசிரியர் அதற்கு மதிப்புச் சொல்வார் என்ற மூன்று படி அமைப்பு அதில் திரும்பத் திரும்ப வந்தது. ஸ்பானிஷ் வகுப்பில் இது எப்படி இருக்கும்? ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் தூக்கிக் காட்டி என்ன நிறம் என்று கேட்பார். 'ரோஹோ' என்று ஒரு பிள்ளை சொல்லும். 'முய் பியென்' என்று ஆசிரியர் பாராட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவார். கேட்டவருக்கும் பதில் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த 29 பேருக்கும் தெரியும். ஒரே சொல்லில் முடிந்துவிடும் பேச்சு அது. இரண்டாவது வாக்கியம் பேச அந்தப் பிள்ளைக்கு எந்தக் காரணமும் இல்லை.

இதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான மாற்றைச் சொன்னவர்களில் ஒருவர், சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தினார். உலக அளவில் பெங்களூர் திட்டம் என்று அதற்குப் பெயர். சென்னைப் பள்ளிகளும் அதில் இருந்தன. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல் வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலைகளை அவர் தந்தார். மொழி அந்த வேலைக்குக் கருவியாக மட்டும் வந்தது. 1987இல் வந்த தன் நூலில் அப்படிப்பட்ட வேலைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லாதது ஒரு வகை. கொடுத்த தகவலிலிருந்து ஊகித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது இன்னொரு வகை. ஆளுக்கு ஆள் கருத்து மாறுவது மூன்றாவது வகை. மூன்றிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பத்தான் பேச்சு தேவைப்படுகிறது.

ஸ்பானிஷ் வகுப்புக்கு இதைக் கொண்டுவருவது கடினமல்ல. இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். இரண்டிலும் ஒரு வாரத்தின் நாட்குறிப்பு இருக்கும். நிகழ்ச்சிகள் மட்டும் வேறு வேறு. ஒருவருக்குச் செவ்வாய் நான்கு மணிக்குப் பல் மருத்துவர், இன்னொருவருக்குப் புதன் ஐந்து மணிக்குக் கால்பந்துப் பயிற்சி. இருவரும் சேர்ந்து சினிமாவுக்குப் போக ஒரு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக் கூடாது. 'செவ்வாய் முடியுமா?' 'முடியாது, பல் மருத்துவரிடம் போகணும். வியாழன்?' என்று ஐந்து நிமிடம் போகும். புவேதோ, நோ புவேதோ, தெங்கோ கே ஆகிய வடிவங்கள் பத்துத் தடவையாவது வாயில் வந்துபோகும். அட்டவணையில் மனப்பாடம் செய்த அதே வினைச்சொற்கள்தான் அவை. இப்போது அவற்றுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. கருத்து மாறுபடும் வகைக்கும் உதாரணம் சுலபம்: பள்ளியில் கைபேசியை முழுதாகத் தடை செய்யலாமா? பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும், அரைகுறை ஸ்பானிஷிலாவது சொல்லியே தீருவார்கள்.

பிரபு குழுவேலையைப் பெரிதாக விரும்பியவர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் பேசினால் ஒருவர் தவறு இன்னொருவரிடம் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் அஞ்சினார். ஆசிரியர் முன்நின்று நடத்துவதையே விரும்பினார். அந்த அச்சத்தில் பொருள் இருக்கிறது. ஆனாலும் மேலே போட்ட நேரக் கணக்கை நினைத்தால், தவறோடு 15 மணி நேரம் பேசுவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பயத்துக்கு வருவோம். அயல்மொழி வகுப்பில் வரும் பதற்றம் தனி வகை என்று 1986இல் எலெய்ன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோ ஆன் கோப் ஆகிய மூவர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அதை முதலில் நிரப்பியவர்களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை ஸ்பானிஷ் படித்த மாணவர்கள் இருந்தார்கள். தன் பெயரைக் கூப்பிடப்போகிறார்கள் என்றால் நெஞ்சு படபடக்கிறது, மற்றவர்கள் தன்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது, பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம் வருகிறது என்கிற மாதிரியான வாக்கியங்கள் அதில் உண்டு. கணக்கில் தவறு செய்யும் பிள்ளைக்கு ஒரு விடைதான் தவறாகப் போகிறது. அயல்மொழியில் தடுமாறும் பிள்ளையோ தன் அறிவும் நகைச்சுவையும் எதுவும் வெளியே வராமல், எல்லோர் முன்னும் ஐந்து வயதுக் குழந்தையாக நிற்கிறது. பதின்பருவத்தில் அது தாங்க முடியாத அவமானம். அதனால்தான் முதல் பேச்சு வகுப்பு முழுவதும் கேட்கும்படி இருக்கக் கூடாது. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம், பிறகு நான்கு பேர் நடுவில், கடைசியில் விருப்பமிருந்தால் எல்லோர் முன்னிலையிலும். மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை இதுதான்: தனியாக யோசி, ஜோடியாகப் பேசு, பிறகு பகிர்ந்துகொள். ஸ்பானிஷுக்கென்று வந்த முறை இல்லை. ஆனால் மொழி வகுப்பைவிட அது பொருந்தும் இடம் வேறு இல்லை.

காத்திருப்பது இன்னொரு உதவி. செலவே இல்லாதது, ஆனால் கடைப்பிடிக்க மிகக் கடினமானது. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் போகிறவர்கள் குறைந்தார்கள், வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தாய்மொழியில் கேட்ட கேள்விக்கே இப்படி. ஸ்பானிஷில் என்றால் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், சொல் தேட வேண்டும், வினையை மாற்ற வேண்டும், ஆணா பெண்ணா என்று பெயர்ச்சொல்லின் பாலைப் பார்க்க வேண்டும். ஐந்து ஆறு வினாடி கொடுத்தாலும் அதிகமில்லை. கேள்வியை முதலில் கேட்டு, காத்திருந்து, அதற்குப் பிறகு பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 29 பேரும் அந்த நொடியிலேயே யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

தொடக்கத்திலேயே பேசச் சொல்லி வற்புறுத்தலாமா என்பதில் ஆய்வாளர்களிடையே பழைய சண்டை ஒன்று உண்டு. புரியும்படியான மொழியைப் போதுமான அளவு கேட்டால் பேச்சு தானாக வரும், பதற்றம் மிகுந்தால் கேட்பதும் உள்ளே போகாது என்று 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் கிராஷென் வாதிட்டார். கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே உருவாக்கிய கதை சொல்லும் முறையில் இந்தக் கருத்தின் தாக்கம் அதிகம். அதில் ஆசிரியர் ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் ஆமாம், இல்லை, இதுவா அதுவா என்று கேள்வி கேட்டுக்கொண்டே போவார். மறுபக்கம் மெரில் ஸ்வெய்ன், கனடாவில் பல வருடம் பிரெஞ்சு வழியிலேயே படித்த பிள்ளைகளைக் கவனித்தார். கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அவர்கள் மிக நன்றாக இருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியே இருந்தது. பேச முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரிகிறது என்று அவர் வாதிட்டார். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்து, எல்லாம் புரிந்து, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பிள்ளைகளை அறிந்த தமிழ்ப் பெற்றோருக்கு ஸ்வெய்ன் சொல்வது உடனே விளங்கும். என் பார்வையில் முதல் சில வாரங்களுக்குக் கிராஷென் சரி: தலையாட்டலும் ஒற்றைச் சொல்லும் போதும். அதற்குப் பிறகும் அங்கேயே நின்றுவிடும் வகுப்பு பிள்ளைகளை ஏமாற்றுகிறது.

பேசச் சொல்வதற்கு முன் பேசுவதற்கான சாமான்களைக் கொடுக்க வேண்டும். புரியாதபோது என்ன சொல்வது என்பதையே பல புத்தகங்கள் மிகத் தாமதமாகக் கற்றுத்தருகின்றன. 'நோ என்தியெந்தோ', 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்', 'கோமோ சே தீஸே' ஆகியவற்றை, அதாவது புரியவில்லை, கொஞ்சம் மெதுவாக, இதை எப்படிச் சொல்வது என்பவற்றை, முதல் வாரத்திலேயே சுவரில் பெரிதாக எழுதி ஒட்டலாம். பிறகு உரையாடலை நீட்டும் சொற்கள்: 'இ தூ?' என்றால் நீ? 'போர் கே?' என்றால் ஏன்? இந்த இரண்டும் கைவசம் இருந்தால் ஒரு வரியில் செத்துப்போகும் பேச்சு ஆறு வரி நடக்கும். அதற்கு மேல், ஸ்பானியர்களும் மெக்சிகோக்காரர்களும் யோசிக்கும்போது இழுக்கும் ஒலிகள் இருக்கின்றன: புவெஸ், புவெனோ, அ வேர், எஸ்தே. தமிழில் நாம் 'வந்து...', 'அதாவது...' என்று இழுப்பதைப் போல. இவற்றைப் பாடமாகவே நடத்த வேண்டும் என்பேன். சொல் தேடும் நேரத்தில் பிள்ளை ஆங்கிலத்துக்குத் தாவாமல் ஸ்பானிஷுக்குள்ளேயே நிற்க இவை உதவுகின்றன. கேட்பவரும் முறையைப் பிடுங்கிக்கொள்ளாமல் காத்திருப்பார்.

அமெரிக்க அயல்மொழி ஆசிரியர் அமைப்பான ஆக்ட்ஃபில், வகுப்பு நேரத்தில் 90 சதவீதமோ அதற்கு மேலோ கற்கும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்று 2010இல் பரிந்துரைத்தது. நல்ல குறிக்கோள்தான். ஆனால் அந்த 90 சதவீதத்தையும் ஆசிரியரே பேசித் தீர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

தவறுகளைத் திருத்துவது எப்படி? ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றைப் பாருங்கள். எனக்குக் கால்பந்து பிடிக்கும் என்பதற்கு 'மே கூஸ்தா எல் ஃபூத்போல்' என்று சொல்ல வேண்டும். பிள்ளை 'யோ கூஸ்தா' என்று, நான் பிடிக்கும் என்கிற மாதிரி சொல்லிவிடும். (தமிழ் பேசும் பிள்ளைக்கு இங்கே ஒரு வசதி உண்டு: எனக்கு என்றே தொடங்குவது அதன் நாவுக்குப் பழகியது.) ஆசிரியர் பலர் 'ஆ, தே கூஸ்தா எல் ஃபூத்போல்!' என்று சரியான வடிவில் திருப்பிச் சொல்வார்கள். மென்மையான வழிதான். ஆனால் ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் எழுதிய கட்டுரை வேறு சொல்கிறது. ஆசிரியர்கள் திருத்தியதில் பாதிக்கு மேல் இப்படித் திருப்பிச் சொன்னவைதான். பிள்ளை தானே திருத்திக்கொள்ள அவை குறைவாகவே உதவின. ஆசிரியர் தன்னோடு ஒத்துப்போகிறார் என்று நினைத்துப் பிள்ளை மேலே போய்விடுகிறது. 'யோ கூஸ்தாவா, மே கூஸ்தாவா?' என்று கேட்டோ, பாதியில் நிறுத்திக் காத்திருந்தோ பிள்ளையையே சொல்ல வைக்கும்போது பலன் கூடுகிறது. இதையும் எல்லாத் தவறுக்கும் செய்தால் பேச்சு நின்றுவிடும். அன்றைய வேலைக்குத் தேவையான ஒன்றிரண்டு வடிவங்களை மட்டும் பிடித்து, மற்றதைக் குறித்து வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும் முன் யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதினால் போதும்.

சரளத்துக்கு ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. கீத் மாரிஸ் 1983இல் விவரித்தது, பிறகு நியூசிலாந்தின் பால் நேஷன் ஆராய்ந்து பரவச் செய்தது. ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். அடுத்த ஆளிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாம் ஆளிடம் இரண்டு நிமிடத்தில். விஷயம் மாறவில்லை, கேட்பவர் மட்டும் புதியவர்; அதனால் திரும்பச் சொல்வது பொய்யாக இல்லை. மூன்றாம் தடவை தயக்கங்கள் குறைந்து வேகம் கூடும். முதல் இரண்டு வருட மாணவர்களுக்கு நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

இதுவரை சொன்ன எதுவும் தொடாத மாணவர்கள் ஒருசாரார் அமெரிக்க வகுப்புகளில் இருக்கிறார்கள். மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். வீட்டில் பாட்டியுடன் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். வகுப்பில் மிகச் சரளமாகப் பேச வேண்டிய இவர்களில் பலர் மௌனமாக இருப்பதைப் புரிந்துகொள்ள வரலாறு வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் டெக்சஸ் பள்ளிகள் பலவற்றில் ஸ்பானிஷ் பேசினாலே தண்டனை. மார்ஃபா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த பிளாக்வெல் பள்ளியில், 1954இல் பிள்ளைகளைக் காகிதத் துண்டுகளில் ஸ்பானிஷ் சொற்களை எழுதவைத்து, அவற்றைப் பெட்டியில் போட்டு, 'மிஸ்டர் ஸ்பானிஷ்' என்று பெயரிட்டு, சவ அடக்கம்போல மண்ணில் புதைத்தார்கள். அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022இல் வந்தது. அங்கே படித்த தலைமுறை தன் பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் பேசத் தயங்கியதில் வியப்பென்ன?

இன்று யாரும் அடிப்பதில்லை. ஆனால் வேறொரு வகையில் வாயை அடைக்கிறார்கள். வீட்டில் 'ட்ரோக்கா' என்று வண்டியையும் 'பார்க்கெயார்' என்று வண்டி நிறுத்துவதையும் சொல்லிப் பழகிய பிள்ளை வகுப்பில் அதைச் சொன்னால், அது ஸ்பானிஷே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அது தன் தாயின் பேச்சைப் பற்றிய தீர்ப்பாகக் கேட்கிறது. 'வீட்டில் அப்படிச் சொல்வீர்கள், மெக்சிகோ நகரத்துப் பத்திரிகையில் கமியோனேத்தா, எஸ்தாசியொனார் என்று வரும், இரண்டும் உனக்கு வேண்டும்' என்று சொல்ல ஆசிரியருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தப் பிள்ளைகளைத் தொடக்கநிலை மாணவர்களுக்கு இலவசத் துணை ஆசிரியராக்குவதும் சரியில்லை. பாட்டியைப் பேட்டி கண்டு பதிவுசெய்து வருவது, அதை வகுப்பில் சுருக்கிச் சொல்வது என்று அவர்கள் மொழிக்கு ஏற்ற கனமான வேலை வேண்டும். வாய்ப்புள்ள பள்ளிகளில் இவர்களுக்குத் தனி வகுப்பே இருக்கிறது.

மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வகுப்பு நேரமும் போகும். பிரிட்டனின் ஜிசிஎஸ்இ ஸ்பானிஷ் தேர்வில் பேச்சுக்கு 25 சதவீதம். செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே என்ற ஸ்பானிஷ் தேர்வில் தொடக்க, இடைநிலைகளில் கேட்டலும் பேச்சும் ஒரு தொகுதி, வாசிப்பும் எழுத்தும் இன்னொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 வாங்க வேண்டும். எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் அடுத்த தொகுதியின் குறையை அது ஈடுகட்டாது. பள்ளித் தேர்வு முழுக்க எழுத்தாகவே இருந்தால் மேலே சொன்னவை அத்தனையும் வெள்ளிக்கிழமை விளையாட்டாகிவிடும். அதற்காகக் கை தூக்கியவருக்கெல்லாம் மதிப்பெண் என்று வைக்கக் கூடாது. அது ஏற்கெனவே துணிச்சல் உள்ளவர்களுக்கே போய்ச் சேரும். மாதம் ஒருமுறை இரண்டு பிள்ளைகளை வெளியே அழைத்து மூன்று நிமிடம் பேசவிட்டு, செய்தி போய்ச் சேர்ந்ததா, மற்றவரிடம் கேள்வி கேட்டாரா, தடுமாறியபோது ஸ்பானிஷிலேயே சமாளித்தாரா என்று பார்த்து மதிப்பெண் போடலாம். இலக்கணச் சுத்தம் நான்காவதாக வரட்டும்.

ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாத பெற்றோரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பிள்ளை கைபேசியில் ஒரு நிமிடம் ஸ்பானிஷில் பேசிப் பதிவுசெய்யட்டும். திருத்த வேண்டாம், பழையதை அழிக்கவும் வேண்டாம். செப்டம்பரில் பேசியதை மே மாதத்தில் போட்டுக் கேட்கலாம். ஹூஸ்டன், டாலஸ், சிகாகோ போன்ற ஊர்களில் இருப்பவர்கள் ஸ்பானிஷ் பேசுவோர் நடத்தும் டாக்கோ கடைக்குப் போகும்போது, மொத்தக் குடும்பத்தின் ஆர்டரையும் பிள்ளையிடமே விட்டுவிடலாம். வெங்காயம் வேண்டாம், காரம் தனியாக வேண்டும், இறைச்சி இல்லாதது எது என்று கேட்டுச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குத் தவறான டாக்கோ வந்தால், அதை மாற்றித் தரச் சொல்வதும் பிள்ளையின் வேலைதான்.